எடை குறைக்கும் ஆபரேஷன்: ஆஸ்பத்திரிக்குள்ளே நடப்பது என்ன?

சென்னை:
"வயித்துல அஞ்சு ஓட்டை போடுவாங்களாம். மூணே நாளுல வீட்டுக்கு வந்துடலாமாம். ஆறு மாசத்துல ஆளே மாறிடலாமாம்!"

எடை குறைக்கும் ஆபரேஷன் பற்றி டீக்கடையிலும் தண்ணீர் லாரி வரிசையிலும் பேசிக்கொள்வது இவ்வளவுதான். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஓட்டை 4 அல்லது 5 தான். படுக்கை 2, 3 நாள்தான். ஆனால் பாதிக் கதை விட்டுப் போகிறது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் எல்லாம் அந்த விட்டுப்போன பாதியில்தான் இருக்கிறது.

2024 ஏப்ரல் மாதம் சென்னை புறநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனுக்கு போன வாலிபர் ஒருவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. குடும்பத்தினர் போலீசில் புகார் கொடுத்தார்கள். அரசும் விசாரணை நடத்தியது. அந்த செய்தி வந்த சமயம், ஆபரேஷனுக்கு தேதி வாங்கி வைத்திருந்த பலர் பயந்து போனார்கள்.

பயப்பட வேண்டிய ஆபரேஷனா இது? பெரிய மருத்துவமனைகளின் கணக்கில் சாவு என்பது சுமார் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவுதான். பித்தப்பை ஆபரேஷனுக்கு சொல்லும் கணக்கும் கிட்டத்தட்ட இதுவே. ஆனால் அந்த ஆயிரத்தில் ஒருவர் யார் என்பதை பெரும்பாலும் கத்தி முடிவு செய்வதில்லை. கத்திக்கு முந்தைய 2 வாரமும் பிந்தைய 2 வாரமும்தான் முடிவு செய்கின்றன.

கொழுப்பு உறிஞ்சுவது வேறு

முதலில் ஒரு குழப்பத்தை தீர்த்து விடலாம். 'பம்பரக்கண்ணாலே' படத்தில் நடித்த ஆர்த்தி அகர்வால் 2015 ஜூனில் அமெரிக்காவில் இறந்தபோது, அதற்கு சில வாரம் முன்பு அவர் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை செய்து கொண்டதாக செய்திகள் வந்தன. அது தோலுக்கு அடியில் குழாய் விட்டு கொழுப்பை இழுப்பது. உருவத்துக்காக செய்வது. இங்கே சொல்வது வேறு. இது இரைப்பையையே சின்னதாக்குவது. சுகர், பிரஷர், மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சு அடைப்பு என்று எடையால் வரும் வியாதிகளுக்காக செய்வது. அழகுக்காக இதை செய்கிறேன் என்று எந்த டாக்டராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்து விடலாம்.

யாருக்கு செய்வார்கள்? அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு உதாரணம் வைத்துக் கொள்வோம். வியாசர்பாடியில் டிபன் கடை நடத்தும் 42 வயது அம்மா. உயரம் 5 அடி, அதாவது 1.52 மீட்டர். எடை 104 கிலோ. 104-ஐ 1.52-ஆல் ஒரு தடவை வகுத்து, வந்ததை மறுபடியும் 1.52-ஆல் வகுத்தால் 45 வரும். இதற்குத்தான் பி.எம்.ஐ. என்று பெயர். நம்ம ஊர் உடல்வாகுக்கு 37.5-க்கு மேல் போனாலோ, சுகர் போன்ற வியாதியோடு 32.5-க்கு மேல் போனாலோ ஆபரேஷன் பற்றி பேசலாம் என்பது ரொம்ப வருஷமாக இருந்த அளவு. 2022-ல் உலக அளவிலான டாக்டர்கள் சங்கங்கள் ஆசியாக்காரர்களுக்கு இதை 27.5 வரை இறக்கி விட்டன. அதற்காக தொப்பை விழுந்தவர் எல்லாம் தியேட்டருக்கு ஓட வேண்டியதில்லை. சாப்பாட்டு கட்டுப்பாடு, நடை, மருந்து எல்லாம் பார்த்து முடித்த பிறகு வருகிற கட்டம் இது.

பணம் கட்டும் முன்பே பாதி வேலை

நம்ம டிபன் கடை அம்மா ஆஸ்பத்திரிக்கு போனால் முதல் நாளே படுக்க வைக்க மாட்டார்கள். வைத்தால் அது தப்பு. ரத்தத்தில் சுகர், தைராய்டு, வைட்டமின் அளவு பார்ப்பார்கள். இதயத்துக்கு ஈ.சி.ஜி., எக்கோ. வாய் வழியாக கேமரா விட்டு இரைப்பையை பார்ப்பார்கள். புண் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்று தெரிய வேண்டும். ஸ்கேனில் பித்தக்கல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மனநல டாக்டர் ஒருவரும் உட்கார்ந்து பேசுவார். "நான் என்ன பைத்தியமா?" என்று கோபப்பட வேண்டாம். கவலை வந்தால் சாப்பிடுகிற பழக்கம் உள்ளவருக்கு, ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த வழி அடைபட்டு போகும். அதை தாங்குவாரா என்று பார்ப்பதற்குத்தான்.

இதில் பலர் அலட்சியமாக விடுவது குறட்டையை. "எங்க அம்மா குறட்டை விட்டா தெருவே அதிரும்" என்று வீட்டில் சிரித்துக் கொண்டிருப்பார்கள். டாக்டருக்கு அது சிரிப்பு சமாச்சாரம் இல்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவருக்கு மயக்க மருந்து கொடுப்பதும், தெளிந்த பிறகு முதல் ராத்திரி வலி மருந்து கொடுப்பதும் ஆபத்தான வேலை. அதனால் ராத்திரி முழுக்க ஒயர் மாட்டி தூக்கத்தை பரிசோதிப்பார்கள். தேவைப்பட்டால் காற்று அழுத்தும் மாஸ்க் ஒன்றை சில வாரம் முன்பே மாட்டி தூங்க பழக்குவார்கள். குறட்டை பற்றி கேட்காமல் தேதி கொடுக்கும் இடத்தில் யோசிக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் ஒளிவு மறைவு கூடாது. இந்தியாவில் 2025-ல் மவுஞ்சாரோ, வெகோவி என்று வாரம் ஒரு தடவை போடும் எடை குறைப்பு ஊசிகள் வந்தன. போட்டுக்கொண்டு வீட்டில்கூட சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். இந்த ஊசி இரைப்பை காலியாவதை மெதுவாக்கும். ராத்திரியே சாப்பிட்டு முடித்தாலும் காலையில் சாப்பாடு உள்ளேயே கிடக்கலாம். மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் விபரீதம். மயக்க மருந்து டாக்டரிடம் கண்டிப்பாக சொல்லியே ஆக வேண்டும். டாபாக்ளிபுளோசின் மாதிரியான சில சுகர் மாத்திரைகளையும் 3, 4 நாள் முன்பே நிறுத்த சொல்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், பீடி சிகரெட் பிடிப்பவர் எல்லாம் உண்மையை சொல்லி விடுவது நல்லது.

ஈரலை சுருக்கும் 2 வாரம்

ஆபரேஷனுக்கு முன்பு சுமார் 2 வாரம் சோறு, இட்லி, தோசை எல்லாம் கட். புரோட்டீன் கஞ்சி, மோர், காய்கறி சூப், முட்டை வெள்ளைக்கரு என்று இருக்க சொல்வார்கள். "எப்படியும் வயித்த குறைக்கப் போறாங்க, கடைசியா ஒரு தடவை பிரியாணி சாப்பிட்டுக்கறேன்" என்று விருந்து சாப்பிடுகிறவர்கள் உண்டு. இது யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். எடை கூடியவர்களுக்கு கல்லீரல் கொழுப்பு ஏறி வீங்கி, இரைப்பையின் மேல் பலகை மாதிரி மூடிக்கொண்டு இருக்கும். மாவு சாப்பாட்டை நிறுத்தினால் 2 வாரத்தில் அது சுருங்கும். சுருங்காவிட்டால் டாக்டருக்கு இடம் தெரியாது. ஈரல் கிழிந்து ரத்தம் கொட்டலாம். சின்ன ஓட்டையில் செய்ய முடியாமல் வயிற்றை பெரிதாக கிழிக்க வேண்டி வரலாம்.

2017-ல் எகிப்து நாட்டிலிருந்து சுமார் 500 கிலோ எடையுள்ள பெண் ஒருவரை சரக்கு விமானத்தில் மும்பைக்கு கொண்டு வந்தது ஞாபகம் இருக்கலாம். வந்ததும் ஆபரேஷன் செய்து விடவில்லை. சில வாரம் திரவ உணவில் வைத்து, 100 கிலோவுக்கு மேல் குறைந்த பிறகுதான் தியேட்டருக்கு கொண்டு போனார்கள். (அதே வருஷம் செப்டம்பரில் அவர் அபுதாபியில் காலமானார்.)

தியேட்டருக்குள் ஒன்றரை மணி நேரம்

ஆபரேஷன் அன்று காலை காலில் இறுக்கமான வெள்ளை காலுறை மாட்டுவார்கள். கெண்டைக்காலை காற்றால் அமுக்கி அமுக்கி விடும் பையும் கட்டுவார்கள். வயிற்றில் ஒரு சின்ன ஊசி. இது எல்லாமே காலில் ரத்தக்கட்டி உருவாகாமல் இருக்கத்தான். காலில் கட்டி, அது நுரையீரலுக்கு போய் அடைப்பது... இந்த ஆபரேஷனில் உயிர் போக முக்கியமான காரணங்களில் ஒன்று இது.

மயக்கம் வந்ததும் வயிற்றுக்குள் கரியமில வாயுவை ஏற்றி பலூன் மாதிரி உப்ப வைப்பார்கள். சோடாவில் இருக்கும் அதே வாயுதான். உள்ளே இடம் கிடைக்க வேண்டுமே. ஒரு ஓட்டையில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். டாக்டர் டி.வி.யை பார்த்துக்கொண்டே வேலை செய்வார்.

அதிகம் செய்யப்படுவது 'ஸ்லீவ்' முறை. வாய் வழியாக விரல் தடிமனில் ஒரு குழாயை இரைப்பைக்குள் இறக்கி, அதை அளவாக வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டே வெட்டிக்கொண்டு போவார்கள். நோட்டு புத்தகத்துக்கு அடிக்கிற பின் மாதிரியேதான், ஆனால் டைட்டானியத்தில் செய்தது. உடம்புக்குள் ஆயுசுக்கும் இருக்கும். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி, ஓட்டை வழியாக வெளியே எடுத்து விடுவார்கள். 1 லிட்டருக்கு மேல் பிடித்த பை, டீ கிளாஸ் அளவுக்கு, அதாவது 100 முதல் 150 மில்லிக்கு வந்து விடும். பசியை தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கும் அந்த பகுதியில்தான். அதனால்தான் முதல் சில மாதம் பசியே எடுப்பதில்லை. வெட்டியதை திரும்ப ஒட்ட வைக்க முடியாது. கையெழுத்து போடும் முன் இந்த ஒன்றையாவது வீட்டில் எல்லோரும் புரிந்து கொள்ள வேண்டும்.

'பைபாஸ்' என்பது இன்னொரு வகை. இதயத்துக்கு செய்யும் பைபாஸ் அல்ல. இரைப்பையின் மேல் பக்கம் சின்ன பை மட்டும் பிரித்து, குடலை தூக்கி அதில் இணைப்பார்கள். 1966-ல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற டாக்டர் தொடங்கி வைத்த வழி. கடுமையான சுகர், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இதை சொல்வார்கள்.

கடைசியில் நீல சாயம் விட்டு எங்காவது கசிகிறதா என்று பார்க்கும் பழக்கம் பல இடத்தில் உண்டு. எல்லாம் சேர்ந்து 1 மணி முதல் 2 மணி நேரம்.

'சிஸ்டர், தோள் வலிக்குது!'

கண் விழித்ததும் முதல் ஆச்சரியம் இங்கேதான். வெட்டியது வயிற்றில், வலிப்பது தோளில்! "சிஸ்டர், கையை முறுக்கிட்டீங்களா?" என்று சண்டைக்கு போகிறவர்களும் உண்டு. உள்ளே மிச்சம் இருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்தும். அந்த நரம்பின் வலி தோளில் தெரியும். ஒன்றிரண்டு நாளில் தானாக போய்விடும். குமட்டலும் வாந்தியும் சிலரை பாடாய் படுத்தும்.

அன்று சாயங்காலமே நர்ஸ் வந்து "எழுந்துருங்கம்மா, நடக்கலாம்" என்பார். கூட இருக்கும் மகளோ, "காலையிலதான் ஆபரேஷன் ஆச்சு, பாவம் படுக்கட்டும் சிஸ்டர்" என்று மல்லுக்கு நிற்பார். பாசம் சரிதான், ஆனால் இங்கே பாவம் பார்ப்பதுதான் பாவம். கட்டிலில் இருந்து பாத்ரூம் வரை பத்து தப்படி நடந்தால்கூட காலில் ரத்தம் ஓடும், வாயு கரையும். கூடவே 3 பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்று தருவார்கள். வாயில் வைத்து உறிஞ்சினால் பந்து மேலே ஏற வேண்டும். விளையாட்டு சாமான் மாதிரி இருக்கும். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி நிமோனியா வராமல் தடுப்பது அதுதான்.

தண்ணீர் குடிப்பதும் புது பாடம். மருந்து மூடியில் 30 மில்லி. அதையும் ஒரே மடக்கில் குடிக்கக் கூடாது. கால் மணி நேரம் வைத்து சொட்டு சொட்டாக குடிக்க வேண்டும். அவசரப்பட்டால் நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்து வாந்தியாகி விடும். சொம்பில் அண்ணாந்து குடித்து பழகியவர்களுக்கு இதுதான் பெரிய தண்டனை.

நாடித் துடிப்பை பாருங்கள்

கூட இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரே எண் எது என்று கேட்டால், கட்டிலுக்கு பக்கத்தில் இருக்கும் மானிட்டரில் ஓடும் நாடித் துடிப்பு எண். சாதாரணமாக 70, 80 என்று இருக்கும். வலியில் 100 வரை போகலாம். அது 120-க்கு மேல் போய் இறங்காமல் நின்றால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். பின் அடித்த இடத்தில் கசிவு, உள்ளே ரத்தப்போக்கு, நுரையீரலில் கட்டி, மூன்றில் எதுவாக இருந்தாலும் முதலில் காட்டிக் கொடுப்பது நாடிதான். குண்டாக இருப்பவர்களுக்கு வயிற்றை அமுக்கி பார்த்தால்கூட சரியாக தெரியாது. காய்ச்சல் பிறகுதான் வரும்.

கசிவு சுமார் நூற்றில் ஒருவருக்கு வரலாம். முதல் 2 நாளில் கண்டுபிடித்தால் ஸ்கேன், திரும்பவும் ஒரு சின்ன ஆபரேஷன் என்று காப்பாற்றி விடலாம். "பயத்துல படபடப்பா இருக்கு, அவ்வளவுதான்" என்று ஒரு ராத்திரி தள்ளிப்போட்டால் உடம்பு முழுக்க விஷம் பரவி விடும். அதனால் ராத்திரி டூட்டி டாக்டர் யார், ஐ.சி.யூ. அதே கட்டிடத்தில் இருக்கிறதா, ரத்தம் ஏற்பாடு இருக்கிறதா, நடுராத்திரி ஆபரேஷன் செய்த டாக்டர் வருவாரா என்பதை எல்லாம் தேதி வாங்கும்போதே கேட்டு விட வேண்டும். கேட்டால் கோபித்துக் கொள்ளும் இடம் நமக்கு வேண்டாம்.

2 அல்லது 3-வது நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆபத்து அன்றோடு முடிவதில்லை. கசிவு 10 நாள் கழித்தும் வரலாம். ரத்தக்கட்டி பல பேருக்கு வீட்டுக்கு போன பிறகுதான் வருகிறது. அதனால்தான் வயிற்று ஊசியை சிலருக்கு இன்னும் 2 வாரம், 4 வாரம் என்று வீட்டிலேயே போட சொல்வார்கள். 'வீட்டுக்கு வந்தாச்சே' என்று காசை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. காய்ச்சல், படபடப்பு, மூச்சு வாங்குவது, வயிற்றிலோ இடது தோளிலோ புதிதாக வலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, தண்ணீர்கூட தங்காமல் வாந்தி... இதில் ஒன்று வந்தாலும் தெரு முனை கிளினிக்கில் ஊசி போட்டு பார்க்காமல் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே ஓட வேண்டும்.

2 வாரம் தண்ணீர் ஆகாரம், அடுத்த 2 வாரம் மசித்த சாப்பாடு, பிறகு இட்லி பாதி என்று மெல்ல மெல்ல ஏறும். வாந்தி நாள் கணக்கில் நிற்காவிட்டால் பி1 வைட்டமின் தீர்ந்து மூளையையே பாதிக்கும். கண் இரட்டையாக தெரிகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் உடனே சொல்ல வேண்டும். 3, 4 மாதத்தில் முடி கொட்டும், பிறகு முளைக்கும். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. இளம்பெண்கள் ஒன்றரை வருஷம் வரை கர்ப்பத்தை தள்ளிப்போட வேண்டும். சுகர் மாத்திரை, இன்சுலின் அளவை டாக்டர் வீட்டுக்கு அனுப்பும்போதே குறைத்து எழுதி இருப்பார். பழைய அளவையே போட்டுக்கொண்டால் சுகர் தாழ்ந்து மயங்கி விழலாம்.

பில்லில் என்ன இருக்கும்?

தனியாரில் 3 லட்சத்துக்கு மேல் ஆகும் வேலை இது. பில்லில் பெரிய பங்கு அந்த ஸ்டேப்ளருக்குத்தான். ஒருவருக்கு 5, 6 பின் கட்டு செலவாகும். ஒவ்வொன்றும் ஒரே தடவை பயன்படுத்த வேண்டியது. எத்தனை போட்டீர்கள், புதுசுதானே என்று கேட்டு, ஸ்டிக்கரை பைலில் ஒட்டித் தர சொல்லலாம். கேட்க உரிமை உண்டு.

"இன்சூரன்ஸ்ல தரமாட்டாங்க" என்று ஏஜெண்டே சொல்லி அனுப்பி விடுவதும் நடக்கிறது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் கொண்டு வந்த பொது விதிப்படி, டாக்டர் சிபாரிசு, முறையான மருத்துவ ஆதாரம், 18 வயது நிறைவு, இவற்றோடு பி.எம்.ஐ. 40-ஐ தொட்டிருந்தால் எடை குறைப்பு ஆபரேஷன் என்பதற்காகவே மறுக்க முடியாது. இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு, மருந்துக்கு அடங்காத சுகர் இருந்தால் 35 போதும். நம்ம டிபன் கடை அம்மாவுக்கு 45 என்பதால் வாய்ப்பு உண்டு. ஆனால் பாலிசியில் காத்திருப்பு வருஷம் போட்டிருப்பார்கள். அதை படித்துப் பார்க்க வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இந்த ஆபரேஷன் நடந்திருக்கிறது. முதல்வர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் கடன் வாங்கும் முன் அங்கே காப்பீட்டு கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டு விடலாம்.

டிஸ்சார்ஜ் பேப்பரை பீரோவில் பூட்டி வைப்பதுதான் நம் வழக்கம். இதற்கு மட்டும் அப்படி செய்யக் கூடாது. போட்டோ எடுத்து செல்போனில் வைத்துக்கொள்ள வேண்டும். பைபாஸ் செய்தவர் மூட்டு வலிக்கு கடையில் சாதாரண வலி மாத்திரை வாங்கிப் போட்டால் தையல் இடத்தில் புண் வந்து ரத்தம் கசியும். வேறு ஆஸ்பத்திரிக்கு போனால், மூக்கு வழியாக குழாய் இறக்கும் முன் உள்ளே இருப்பது பழைய இரைப்பை இல்லை என்று அங்குள்ளவர்களுக்கு தெரிந்தாக வேண்டும். 5 வருஷம் கழித்து மயங்கி விழுந்து ஆம்புலன்சில் போனாலும் கூடப் போகிறவர் முதலில் காட்ட வேண்டியது அந்த பேப்பரைத்தான்.